பழைய எஞ்சினுக்குப் புதிய எண்ணெய் வழி வேண்டுமா?



திருப்பூரில் பின்னல் எந்திரங்களின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எண்ணெயின் அருமையைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எண்ணெய் குறைந்தால் ஊசி தேயும்; ஒடியும்; துணியில் ஓட்டை விழும். எண்ணெய் மிகுந்தாலோ வெள்ளைத் துணியில் கறை படியும். உரிய இடத்திற்கு, உரிய அளவில், உரிய நேரத்தில் எண்ணெய் போய்ச் சேர வேண்டும் என்பதே எந்திரம் ஓட்டுவோர் கற்கும் முதற் பாடம். அந்தப் பாடத்தை நான் முழுமையாக உணர்ந்துகொண்டது ஒரு பழைய காரினால்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று பனியன் தொழில் நடத்தி வருகிறார். அவருடைய பாட்டனார் விட்டுச் சென்ற 1947ஆம் ஆண்டின் செவர்லே கார் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதனைப் புதுக்கிச் சாலையில் இறக்கினார். கோவை நெடுஞ்சாலையில், மற்ற வண்டிகளுக்கு ஈடாக அதனை விரைந்து செலுத்தினார். அவிநாசியைக் கடந்ததும் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. கழற்றிப் பார்த்தபோது ஒரு பேரிங்கின் உலோகம் உருகி வழிந்திருந்தது.

பட்டறைக்காரர் ஒரு யோசனை சொன்னார். கிராங்க் தண்டில் துளையிட்டு, இக்காலக் கார்களைப் போல எண்ணெயை அழுத்தத்துடன் பாய்ச்சிவிடலாம் என்பது அவர் கருத்து. மாணவர் என்னிடம் ஓடி வந்தார். "நாளைக்குத் துளை போடப் போறாங்க, ஐயா. போடச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். "ஒரு நாள் பொறு, தம்பி. முதலில் அந்த எஞ்சின் எப்படி எண்ணெய் குடிக்கிறது என்று பார்ப்போம்" என்றேன்.

சைக்கிள் மிதிக்கும்போது உங்கள் கால் மேலும் கீழும் செல்கிறது, பெடல் சுற்றுகிறது. எஞ்சினில் பிஸ்டன் காலைப் போன்றது. கிராங்க் தண்டு பெடலைப் போன்றது. இரண்டையும் இணைப்பது கனெக்டிங் ராட். அது கிராங்கைப் பற்றும் இடத்தில், வெள்ளீயம் மிகுந்த ஒரு மெல்லிய உலோகம் பூசப்பட்டிருக்கும். இடையே எண்ணெய்ப் படலம் உள்ளவரை உலோகமும் உலோகமும் உரசுவதில்லை. படலம் அறுந்தால் சூடேறி, அம்மெல்லிய உலோகம் உருகிவிடும்.

இக்கால எஞ்சினில் கிராங்க் தண்டுக்குள்ளேயே துளைகள் உண்டு. பம்பு அவற்றின் வழியே எண்ணெயைச் செலுத்தும். 1937 முதல் 1952 வரை செவர்லே கார்களில் இருந்த 216 கன அங்குல எஞ்சினில் ஏற்பாடு வேறு. பம்பு கிராங்கின் முதன்மைப் பேரிங்குகளுக்கு எண்ணெய் தரும். ராடுகளுக்கு நேரே தராது. ஒவ்வொரு ராடின் அடியிலும் சிறு கரண்டி ஒன்று உண்டு. கீழே உள்ள தொட்டியில் அது முங்கி எண்ணெயை அள்ளிக்கொள்ளும். வேகம் கூடும்போது, பீச்சுகுழலிலிருந்து வரும் எண்ணெய்த் தாரை கரண்டியின் மேல் விழும். அழுத்தமானியில் அந்த எஞ்சின் காட்டுவது சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 15 இறாத்தல்தான். அதுவே அதற்குப் போதும்.

இதனினும் எளியதும் உண்டு. 1908 முதல் 1927 வரை 1½ கோடிக்கு மேல் செய்யப்பட்ட ஃபோர்டு 'டி' மாடல் காரில் எண்ணெய்ப் பம்பே கிடையாது! சுழலும் சக்கரம் அள்ளி எறியும் எண்ணெயே எஞ்சின் முழுவதையும் நனைத்தது.

மாணவர் விடவில்லை. "அந்தக் கம்பெனியே பிறகு முறையை மாத்திக்கிட்டாங்களே, ஐயா?" என்றார். நல்ல கேள்வி. 1953இல் ஒருசார் வண்டிகளிலும், 1954இல் எல்லாக் கார்களிலும் அழுத்த முறையைச் செவர்லே கொண்டுவந்தது உண்மை. ஆனால் அவர்கள் துளையை மட்டுமா போட்டார்கள்? பேரிங்கை மாற்றினார்கள், எண்ணெய் வழி முழுவதையும் புதிதாக வகுத்தார்கள். பழைய பம்பை வைத்துக்கொண்டு ஆறு புதிய வழிகளைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? கடைமடைக்கு நீர் போதாத வாய்க்காலில் மேலும் ஆறு மடைகளை வெட்டியது போலாகும். முன்பு நிறைவாக எண்ணெய் பெற்ற முதன்மைப் பேரிங்குகளும் வறண்டுபோகும். இடம் தவறி இட்ட துளையால் தண்டும் வலிமை குன்றும். இட்ட துளையை மீண்டும் அடைக்க இயலாது.

அப்படியானால் பம்பின் அழுத்தத்தையேனும் கூட்டலாமா என்றார். அதுவும் ஆகாது. பீச்சுகுழலின் தாரை கரண்டியில் சரியாக விழும்படி, குறித்த அழுத்தத்திற்கென்றே இலக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அழுத்தம் மாறினால் இலக்கும் தவறும். எண் கூடிவிட்டதென்று மனம் மகிழும். பேரிங்குக்கோ எண்ணெய் கிட்டாது.

பிறகு இருவரும் எஞ்சினின் அடித்தட்டைத் துடைத்துப் பார்த்தோம். உருகிய பேரிங்குக்கு நேர் கீழே இருந்த பீச்சுகுழல், பல்லாண்டுக் கசடு இறுகி அடைபட்டிருந்தது. தொட்டியிலும் சேறு. குற்றம் முறையில் இல்லை. பேணாமையிலும் வேகத்திலுமே இருந்தது. உருகிய பேரிங்குக்கு உலோகம் புதிதாக வார்த்தார்கள். தொட்டிகளைத் துலக்கிக் குழல்களின் இலக்கைச் சரிபார்த்தார்கள். வேண்டாதபோது கழற்றிவிடக்கூடிய எண்ணெய் வடிகட்டி ஒன்றை வெளியே பொருத்தினார்கள். அந்த ஒரு மாற்றத்திற்கு நானும் இசைந்தேன். அதனை நாளையே நீக்கினாலும் எஞ்சின் பழையபடியே இருக்கும்.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொன்னேன். "இந்த வண்டி இனிமேலும் நெடுஞ்சாலையில் பந்தயம் ஓடாது, தம்பி. வேகந்தான் வேண்டுமானால், பிற்காலத்து முழு எஞ்சின் ஒன்றைத் தேடிப் பொருத்து. பழையதைப் பழுதின்றி எடுத்து வை. அரைகுறை மாற்றம் மட்டும் வேண்டா." அவர் வேகத்தை விட்டுக்கொடுத்தார். இன்று மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் அதனை ஓட்டுவதில்லை.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்களின் பெயரை அறியாதார் நம் பகுதியில் இலர். அவர் வாழ்ந்த கோவையில், அவருடைய குடும்பத்தார் 2015இல் பழங்கார்களுக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தனர். ஒருமுறை சென்று பாருங்கள். ஒவ்வொரு வண்டியும், தன் காலத்துச் சாலைக்கும் எண்ணெய்க்கும் உலோகத்திற்கும் ஏற்ப ஒரு பொறியாளர் கண்ட விடையாகும். அந்த விடையைத் திருத்துமுன், அவர் எதிர்கொண்ட வினாவை நாம் படித்தறிய வேண்டாவா?

நீங்கள் நாளை பொறியாளராகலாம், தொழிலதிபராகலாம், ஆட்சிப் பொறுப்பும் ஏற்கலாம். பழைய ஏற்பாடு ஒன்று பழுதுபட்டு உங்கள் முன் வரும். அப்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது முதலில் எவ்வாறு இயங்கியது? பழுது ஏற்பாட்டிலா, பேணாமையிலா? நான் செய்யும் மாற்றம் தவறானால் திருப்பிக்கொள்ள இயலுமா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை, துளைக்கருவியைக் கையில் எடுக்காதீர்கள்.