சோயா மொச்சையில் எண்ணெயும் புரதமும்: நொதிகளின் பங்கு
(மாணவர்களும் அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நூறு கிலோ சோயா மொச்சையில் ஏறத்தாழ இருபது கிலோ எண்ணெயும் நாற்பது கிலோ புரதமும் உள்ளன. மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமும் இப்பயிரில் முன்னணியில் நிற்கின்றன. ஆயினும், நாம் இதனை எண்ணெய் வித்தாகவே கருதி வந்திருக்கிறோம். சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இது இயல்பே. ஆனால், எண்ணெயைவிட இரு மடங்காக உள்ள புரதம் பெரும்பாலும் பிண்ணாக்காகிக் கோழித் தீவனமாகவோ ஏற்றுமதிச் சரக்காகவோ போய்விடுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதிற்கேற்ற உயரமின்றி இருந்தனர். இதற்குக் காரணங்கள் பல. போதிய சத்துணவின்மை அவற்றுள் முக்கியமானது.

இன்றைய ஆலைகளில் ஹெக்சேன் என்னும் கரைப்பானைக் கொண்டு எண்ணெய் பிரிக்கப்படுகிறது. பிண்ணாக்கில் ஒரு சதவீதத்திற்கும் குறைவான எண்ணெயே எஞ்சும் அளவுக்கு இது திறன் மிக்க முறை. எனினும், ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது, எளிதில் தீப்பற்றுவது. அதனைப் போக்கப் பிண்ணாக்கை நீராவியில் சூடேற்றும்போது, புரதத்தின் நீரில் கரையும் தன்மை குறைந்துவிடுகிறது.

மாற்று வழி, நீரையும் நொதிகளையும் பயன்படுத்துவதாகும். விதையின் உயிரணுக்களில் எண்ணெய், நுண்ணிய துளிகளாகப் புரதத் தோல் போர்த்தி இருக்கிறது. மொச்சையை அவலாகத் தட்டி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்துப் பிதுக்கி எடுத்தால் உயிரணுச் சுவர்கள் சிதைகின்றன. பின்னர் வெந்நீரில் கலந்து, புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தால் எண்ணெய் விடுபடுகிறது. மைய விலக்கு இயந்திரத்தில் சுழற்றும்போது மேலே பாலேடு போன்ற எண்ணெய்ப் படலமும், நடுவே புரதம் கரைந்த நீரும், அடியில் நார்ப்பொருளும் தனித்தனியே பிரிகின்றன. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகளில் 95 சதவீதத்திற்கும் மேற்பட்ட எண்ணெய் இவ்வாறு விதையிலிருந்து வெளிக்கொணரப்பட்டது.

வெளிக்கொணர்ந்த எண்ணெய் அனைத்தும் உடனே டின்னில் அடைக்கத்தக்கதன்று. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதுபோல், பாலேட்டை உடைத்தே எண்ணெயைப் பெற வேண்டும். அதற்கும் நொதி தேவை. மேலும், மொச்சையின் எடையைப்போல் ஆறு முதல் பத்து மடங்கு நீர் வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோ கலோரி வெப்பம் செலவாகும். நொதியால் துண்டான புரதத்தில் சிறிது கசப்பும் தோன்றக்கூடும்.

பொருளாதார நோக்கில் பார்த்தால் முடிவு தெளிவு. எண்ணெய்க்காக மட்டும் இம்முறையைக் கையாண்டால் கரைப்பான் முறையுடன் போட்டியிட இயலாது. பிரியும் புரதம் மனித உணவாக நல்ல விலைக்கு விற்கப்பட்டால்தான் நொதிக்கும் எரிபொருளுக்கும் ஆகும் செலவு ஈடாகும். எனவே நொதியை மீண்டும் பயன்படுத்துவதும், நீரைக் கொதிக்க வைக்காமலே சவ்வு வடிகட்டிகளால் புரதத்தைச் செறிவாக்குவதும் மாணவர்களின் ஆய்வுக்குரியவை. சத்துணவுத் திட்டங்களில் சோயாப் புரதத்திற்கு நிலையான தேவையை உருவாக்குவது அலுவலர்களின் பணி.

2024இல் ஒப்புதல் பெற்ற எண்ணெய் வித்துகளுக்கான தேசிய இயக்கம், 2030-31க்குள் வித்து உற்பத்தியை 697 இலட்சம் டன்னாக உயர்த்த இலக்கு வைத்துள்ளது. விளைச்சலைப் பெருக்குவது முதற்படி. விளைந்ததன் புரதமும் நம் குழந்தைகளின் தட்டை அடையும்போதே அந்த முயற்சி நிறைவு பெறும். எண்ணெய்க் கணக்கை எழுதும்போது அதே ஏட்டில் புரதக் கணக்கையும் எழுதப் பழகுவோமாக.