ஒரே வாளியை நம்பாதீங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் வண்ணார்பேட்டை பேராச்சி அம்மன் கோவில் பக்கம் குடியிருக்கேன். இங்கே ஊறுகாய், அப்பளம், தையல் என்று எத்தனையோ தொழில் செய்றவங்க இருக்கீங்க. அதையெல்லாம் கையில் எடுத்துக் காட்டலாம். நான் விக்கிறது கண்ணுக்கே சரியாத் தெரியாது. கடல் மீன் குஞ்சுக்கு உயிர் உணவு வளர்க்கிறேன்.

கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சும் வெள்ளையுமா கோமாளி மீன் பார்த்திருப்பீங்க. அது முட்டையிட்டு ஒரு வாரம் போல ஆனதும் ராத்திரியில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுக்கு வாய் ஊசிமுனை அளவுதான். தூள் தீவனம் போட்டால் திரும்பிப் பார்க்காது. தண்ணிக்குள்ளே அசையிற உயிரைத்தான் தின்னும். அதுக்கு முதல் சாப்பாடு ரோட்டிஃபர். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாப் பங்கு போட்டால் ஒன்றிரண்டு பங்கு அளவுதான் இருக்கும். கண்ணாடி டம்ளரில் எடுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தால் வெள்ளைத் தூசி நீந்துற மாதிரி தெரியும். சில நாள் கழிச்சுக் குஞ்சு கொஞ்சம் பெரிசானதும் ஆர்ட்டிமியா கொடுக்கணும்.

ஆர்ட்டிமியா வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீங்க. நம்ம தூத்துக்குடி உப்பளத்திலேயே இருக்கு. அங்கே பூர்வீகமா உள்ள இனத்தில் ஏறக்குறைய எல்லாமே பெண்தான், ஆண் துணை இல்லாமலே பெருகும். ரோட்டிஃபரும் பெரும்பாலும் அப்படித்தான். சிரிக்காதீங்க, மகளிர் குழுவுக்கு ஏத்த தொழில் என்று பயிற்சியில் எல்லாரும் இதையேதான் சொல்லிச் சிரிச்சோம்.

வேலை கஷ்டம் இல்லை, ஆனால் ஒரு நாள்கூட லீவு கிடையாது. நம்ம ஆத்துத் தண்ணி இனிப்பு, இதுக்கு வேண்டியது உப்புத் தண்ணி. தூத்துக்குடியிலிருந்து கேன்ல கடல் தண்ணி வரும். சமையல் உப்பைக் கரைச்சு ஊத்தினால் சரிப்படாது, கடல் தண்ணியில் உப்போட வேற பல தாதுக்களும் இருக்கு. தண்ணியை வடிகட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமியைக் கொன்று, அந்த வாடை முழுசாப் போகிற வரைக்கும் காத்து விடணும். ஒரு கேன்ல நுண்பாசி வளரும். அதுதான் பச்சைத் தண்ணி, ரோட்டிஃபருக்குச் சோறு. டியூப்லைட் வெளிச்சம் போதும், சித்திரை வெயில் படக்கூடாது. தினமும் ரோட்டிஃபர் வாளியில் கால் பங்கை மெல்லிய வலைத்துணியில் வடிச்சு எடுத்துட்டு, அந்த அளவுக்குப் பச்சைத் தண்ணி ஊத்தணும். தண்ணி வத்தினால் நல்ல தண்ணிதான் சேர்க்கணும். வத்துறது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும்.

ஆர்ட்டிமியா இன்னும் சுலபம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழா மாட்டி, உப்புத் தண்ணி ஊத்தி, முட்டையைப் போட்டுக் காத்தும் வெளிச்சமும் கொடுத்தால் 24 மணி நேரத்தில் பொரிச்சிரும். ஒரு கிராமில் 2 லட்சத்துக்கு மேலே முட்டை இருக்கும். பொரிச்ச உடனே கொடுத்திரணும், நேரம் ஆக ஆகச் சத்து குறையும்.

இனி நான் பட்டதைச் சொல்றேன். குழுவில் உள்கடன் வாங்கி ஆரம்பிச்சேன். பாளையங்கோட்டையில் கோமாளி மீன் வளர்க்கிற ஒரு தம்பி வாடிக்கையா வாங்கினார். ஆடி மாசம் ஊர்க் கொடைக்குப் போற அவசரத்தில், பச்சைத் தண்ணி போதாது என்று, ரெண்டு நாளைக்கு உள்ள ஈஸ்ட்டை ஒரே தடவையா வாளியில் கரைச்சு ஊத்திட்டுப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் நாத்தம். ஈஸ்ட் அழுகித் தண்ணியில் பிராணவாயு இல்லாமல் அத்தனையும் செத்துப் போச்சு. அன்னைக்குத்தான் அந்தத் தம்பி வீட்டில் குஞ்சு பொரிச்சிருந்தது. நான் கொடுக்கலை. மூணு நாளில் அத்தனை குஞ்சும் பட்டினியாச் செத்தது. அவர் ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது.

அந்த வாரக் கூட்டத்தில் தவணை கட்ட முடியாமல் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன். பீடி சுத்துற அக்கா ஒருத்தர், “ஏட்டி, படிக்கணும்னு உன்கிட்ட ஒரு கேன் வாங்கிட்டுப் போனேன்லா, அதுல இன்னும் ஓடிட்டுதான கிடக்கு”ன்னாங்க. ஓடிப்போய்ப் பார்த்தேன். பீடித் தூள் பட்டால் இதுக்கு விஷம் என்று நான் சொன்னதை மறக்காமல், ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவி, சோப்பு வாடை போக அலசிட்டுத்தான் தொட்டிருக்காங்க. அந்தக் கேன்ல இருந்துதான் என் தொழில் மறுபடி எழுந்திரிச்சது.

இப்போ மூணு வீட்டில் வளருது. ஒரு வீட்டில் கரண்ட் போனாலும், கொசுமருந்து அடிச்சுக் கெட்டாலும், அடுத்த வீட்டிலிருந்து விதை எடுத்துக்கிறோம். வருமானத்தையும் மூணாப் பிரிச்சுக்கிறோம். லட்சம் லட்சமாக் கொட்டுதுன்னு பொய் சொல்ல மாட்டேன். வாங்குறவங்க கொஞ்சப் பேர்தான், வாடிக்கையைப் பேசி வச்சுக்கிட்டு இறங்குங்க. என் கடன் அடைஞ்சிருச்சு. அந்தத் தம்பியும் மறுபடி எங்ககிட்டதான் வாங்குறார்.

லட்சத்தீவில் அகத்தித் தீவுப் பெண்கள் குழுவாச் சேர்ந்து கடல் அலங்கார இறால் வளர்க்கிறாங்க. விருப்பம் உள்ளவங்களுக்கு 50 கிலோமீட்டரில் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கு, போய் விசாரிங்க. ஆரம்பிக்கிற அன்னைக்கே பக்கத்து வீட்டுக்கு ஒரு கேன் கொடுத்து வையுங்க. நம்ம சேமிப்பைக் குழுவில் போட்டு வைக்கிற மாதிரிதான் அதுவும்.