பதிவு நின்றபின் இல்லம்

அநாதைச் சிறாருக்கோ முதியோருக்கோ இல்லம் நடத்துவோர் அரசாங்கத்திடம் பெறும் பதிவு வெறுங் கடதாசியன்று. கொடையாளர் பணம் அனுப்புவதும், தாய்தந்தையற்ற பிள்ளையை உறவினர் ஒப்படைத்துச் செல்வதும் அதனை நம்பியே. ஆதலால், கணக்கிலே மோசடியென்றோ உள்ளிருப்போர் துன்புறுத்தப்படுகின்றனர் என்றோ முறைப்பாடு எழுமிடத்து, அப்பதிவை இடைநிறுத்துக என்று மக்கள் கேட்பது இயல்பேயாம்.

எனினும், சாராயக் கடையொன்றின் உத்தரவுப் பத்திரம் நிறுத்தப்பட்டால் நட்டம் கடைக்காரனுக்கு. இல்லத்தின் பதிவு நிறுத்தப்பட்டாலோ, அன்றிரவே உலை வைக்க ஆளின்றித் தவிப்பவள் யாதொரு பிழையுஞ் செய்யாத கிழவி.

இங்கிலாந்திலே, பிரிஸ்டல் நகருக்கு அண்மையில், மனவளர்ச்சி குன்றியோருக்கென விண்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனை இருந்தது. அங்குள்ளோர் அடிக்கப்படுவதை மறைவாகப் படம்பிடித்து 2011 மே மாதத்தில் பி.பி.சி. தொலைக்காட்சி வெளியிட்டது. அங்கே கடமையாற்றிய தாதி ஒருவர் அதற்கு முன்னரே முறையிட்டிருந்தார். மேற்பார்வைச் சபையோ அசையவில்லை. படம் வெளிவந்த பின்னர் எல்லாம் விரைந்து நடந்தன. ஜூன் மாதத்திலேயே அவ்விடம் மூடப்பட்டது. 2012 இல் பணியாளர் 11 பேர் தண்டிக்கப்பட்டனர். அவருள் அறுவர் சிறை சென்றனர். நோயாளரோ வெவ்வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். அவர்களுட் சிலரின் பாதுகாப்புப் பற்றிப் புதிய இடங்களிலும் கவலை எழுந்தது. தாமதித்தவர்கள் பின்னர் காட்டிய வேகத்தாலும் அவர்களுக்கு முழு ஆறுதல் கிட்டவில்லை.

இலங்கையில் இத்தகைய தாபனங்கள் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பதியப்படுகின்றன. வறியோர், நோயாளர், அநாதைகள், அங்கவீனர் ஆகியோருக்கு உதவும் தொண்டர் சங்கங்களை அது கருதும். 1998 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதிலே ஒரு புதிய வழியைச் சேர்த்தது. நிதி மோசடிக்குச் சான்று உளதென அமைச்சர் கண்டால், விசாரணை முடியும்வரை நிருவாகத்தை நடத்த இடைக்கால முகாமைச் சபையொன்றை அவர் நியமிக்கலாம். கதவைப் பூட்டாமல் திறப்பை மாத்திரம் வேறொருவர் கையிற் கொடுக்கும் ஏற்பாடு இது. அடுப்பு அணையாது, பிள்ளைகள் மறுநாளும் பள்ளிக்கூடம் செல்வர்.

இவ்வதிகாரத்தைக் கண்டு அஞ்சிய சங்கங்களும் உள. அரசாங்கத்துக்குப் பிடிக்காத சங்கத்தைக் கைப்பற்ற இஃது ஒரு கருவியாகலாம் என்பது அவற்றின் வாதம், அதனைத் தள்ளிவிடுதற்கில்லை. சான்று இன்னதென்று குற்றஞ்சாட்டப்பட்டோருக்கு எழுத்திலே கொடுத்து, அவர்தம் மறுமொழியைக் கேட்டபின் கைவைப்பதே முறை. உயிருக்கு ஆபத்தான வேளையில் முதலிற் கைவைத்துப் பின்னர் கேட்கலாம். அப்போதும் கேளாது விடலாகாது.

வேறொரு குறையுமுண்டு. அத்திருத்தம் இடைக்காலச் சபைக்கு வழிவகுத்தது பணமோசடியை முன்னிட்டேயாம். கணக்குப் புத்தகம் சதம் பிசகாதிருக்க, உள்ளே பிள்ளைகள் அடிபடும் இல்லத்துக்கு அந்த ஏற்பாடு எட்டவில்லை.