வேலையை விட்டு ஆசிரியப் பணிக்கு வர விரும்புவோர்க்கு



ஆலையிலும் கடையிலும் ஊழியம் புரியும் நம் பட்டதாரிகள் பலர், ஆசிரியராக விரும்பி நம்மிடம் வழி கேட்கின்றனர். மகிழ்ச்சியே. ஆயினும் இராஜிநாமாக் கடிதம் எழுதுமுன் கணக்குப் பாருங்கள். நாம் பயின்ற நாளில் பி.எட். ஓராண்டுப் படிப்பு, 2015 முதல் ஈராண்டு. 24 மாதம் வீட்டிற்குச் சம்பளம் வராது. ஆதிதிராவிடர் மாணவர்க்கான உதவித்தொகை கட்டணத்திற்கே சரியாகும். அடுப்பெரிய வேறு வழி வேண்டும். தாயின் தோடு அடகுக்குப் போகும் வீடுகள் நம்முடையவை. இதை மறைத்துப் பேச மனமில்லை.

1 முதல் 5 வரை கற்பிக்க பி.எட். தகுதியாகாதென 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். 6 முதல் 8 வரை எனில், பி.எட்.டுடன் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். வென்றோர்க்கும் அரசுப் பள்ளி நியமனத்திற்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. ஐயமுள்ளோர் ஞாயிறு மாலை சான்றிதழ்களோடு சங்கத்திற்கு வாருங்கள், உடனமர்ந்து பார்ப்போம்.