மழையில் முன்னே போன அம்பாங் பையன்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்று நான் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தய வீரரைப் பற்றிப் பேசப் போகிறேன். பின்வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்காருவது இங்கிருந்தே தெரிகிறது!

அவர் பெயர் ஹபீஸ் ஷாரின். 1994-இல் பிறந்தவர், நம் சிலாங்கூர் அம்பாங்கைச் சேர்ந்தவர். 2012 அக்டோபரில் சிப்பாங்கில் உலகப் போட்டி. மோட்டோ 2 பிரிவில், அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் அழைப்புப் பெற்று இறங்கினார், பதினெட்டு வயதில். கொட்டுகிற மழை. உலகமெல்லாம் ஓட்டிப் பழகியவர்களே தடுமாற, இந்தப் பையன் சிறிது நேரம் எல்லாருக்கும் முன்னால் போனார்! முடிவில் நான்காவது இடம். மழையிலே பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழ வேண்டியதுதான். கைப்பிடியைப் பலமாக முறுக்கினாலோ பின்சக்கரம் வழுக்கிவிடும். விரலுக்கு அடக்கம் வேண்டும். அது அவரிடம் இருந்தது.

2018-இல் உச்சப் பிரிவான மோட்டோ ஜிபியில் இடம் பிடித்த முதல் மலேசியர் ஆனார். 1000 சிசி இயந்திரம். மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் பாயும். அந்த ஆண்டு 46 புள்ளிகள். சொந்த மண்ணான சிப்பாங்கில் பத்தாவது இடம். அடுத்த ஆண்டு வேறு மோட்டார், 9 புள்ளிதான் கிடைத்தது. இடம் பறிபோயிற்று. மறுபடி கீழ்ப் பிரிவில் போய் ஓட்டினார். உலகப் பட்டம் வென்றவர் அல்லர். ஆனாலும் இந்த இறக்கத்துக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

2020 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில், விழுந்து கிடந்த இன்னொருவர் வண்டியில் மோதித் தூக்கி எறியப்பட்டார். பிழைத்தார். எப்படி? மோட்டோ பந்தயத்தில் எதிரே வண்டி வராது. உடுப்புக்குள் காற்றுப்பை இருக்கும். களத்தோரம் மருத்துவர்கள் தயாராக நிற்பார்கள்.

பெற்றோர்களே, இப்போது உங்களைக் கேட்கிறேன். நம் பிள்ளைகள் நடுராத்திரியில் கப்சாயை முறுக்கிக்கொண்டு பெடரல் சாலையில் பறக்கிறார்களே, அங்கே யார் நிற்கிறார்கள்? லாரி நிற்கிறது, விளக்கில்லாமல்! நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தாம். 1973-இலேயே தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பக்கத்துக் கடைக்குத்தானே என்று இன்னும் கூடையிலே போட்டுக்கொண்டு போகிறோம்.

சாவியை ஒளித்து வைப்பதோடு விட்டுவிடாதீர்கள். பையனுக்கு இயந்திரத்தில் ஆசை இருந்தால் அது நல்ல ஆசை. பந்தயத்தில் ஒருவர் ஓட்ட, பின்னால் பல மெக்கானிக்குகள் கையில் ஸ்பானரோடு நிற்கிறார்கள். பள்ளி முடித்த அண்ணன்மாருக்கு கியாட்மாராவில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பயிற்சி உண்டு. யாராவது சேர நினைத்தால், விழா முடிந்ததும் என்னிடம் வாருங்கள். விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.