வமிசாவளி தேடுவோர் அவை



தம் முன்னோர் யார், எவ்வூரினர் என்று அறிய விரும்புவது மக்கள் இயல்பு. அவ்விருப்பம் உடையோர் இக்காலத்தில் இணையத்தில் குழுக்களாகக் கூடி, ஒருவர் ஐயத்தை மற்றொருவர் தெளிவித்து வருகின்றனர். அத்தகைய அவையை நடத்துவோர் கடமை யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதிக்குச் சென்ற தமிழரை எடுத்துக்கொள்வோம். 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் ஆகியவை கப்பற் பட்டியலில் எழுதப்பட்டன. அப்பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஆயினும் எழுதிய குமாஸ்தா தம் செவியில் விழுந்த ஒலியை ஆங்கில எழுத்தில் பொறித்தார். நேட்டாலில் முதலி என்பது மூட்லி ஆயிற்று. கவுண்டர் கோவெண்டர் ஆனார். ஊர்ப்பெயர்கள் பட்ட பாடு இதனினும் பெரிது.

ஊர் விளங்கினாலும் ஜில்லா விளங்குவது எளிதன்று. வட ஆர்க்காடு என்று பட்டியல் கூறும். அந்த ஜில்லாவிலிருந்து 1911-ல் சித்தூர் பகுதி பிரிந்தது. எஞ்சியது 1989-ல் இரண்டாயிற்று. அவற்றுள் வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாயிற்று. டர்பனில் வாழும் கொள்ளுப்பேரர் எங்கே போய்த் தேடுவார்? சிதைந்த எழுத்தைக் கண்டவுடன், "இது எங்கள் தாலுகாவிலுள்ள ஊர்தான்" என்று சொல்ல வல்லவர், அவ்வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த முதியவரே. அவ்விருவரையும் ஓர் அவையில் சேர்த்து வைத்தது இணையம் செய்த பேருதவி.

ஆனால், அவை கூடும் மண்டபம் நமக்குச் சொந்தமன்று. யாஹூ குழுக்களில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த பதிவுகள் 2019 இறுதியில் நீக்கப்பட்டன. 2020-ல் அச்சேவையே நின்றது. பொதுமக்களுக்கான கூகிள் பிளஸ் 2019-ல் மூடப்பட்டது. ட்விட்டர் 2023-ல் எக்ஸ் என்று பெயர் மாறிற்று. அங்கிருந்தோர் பலர் வேறு தளங்களுக்குப் பிரிந்து சென்றனர். கப்பற் பட்டியல் காப்பகத்தில் இருக்கும். அதை வாசிக்கும் வகை இதுவென்று முதியவர் கூறிய விளக்கமோ தளத்தோடு மறையும். மீண்டும் கேட்கலாமெனில், அன்று அம்முதியவர் இருப்பாரா?

ஆகவே, அவை நடத்துவோர் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, வினவுவோர் பட்டியல் எண்ணையும் ஆண்டையும் ஊர்ப்பெயர் எழுதப்பட்ட வடிவத்தையும் திருத்தாமல் தரும்படி பழக்குதல். இரண்டாவது, விடை கூறுவோர் ஆவணத்தில் கண்டதையும் செவிவழி கேட்டதையும் வேறுபடுத்திக் கூறச் செய்தல். ஊகம் ஊகமென்றே நிற்கவேண்டும். மூன்றாவது, உயிரோடிருப்பவரின் பிறந்த நாள், முகவரி முதலியன பொதுவில் வாராமல் காத்தல். நான்காவதே தலையாயது. ஒவ்வொரு கூட்டமும் முடிந்தபின் வினா, விடை, சான்று ஆகிய மூன்றையும் உரியவர் இசைவுடன் தனியே எழுதி, இரண்டு மூன்று இடங்களில் படி வைத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று தாளில் அச்சிட்டதாய் நூல்நிலையத்தில் இருத்தல் நலம்.

தளம் மாற நேரின், பழைய இடத்தை விடுமுன்னரே புதிய இடத்தைப் பலமுறை அறிவிக்கவேண்டும். இளைஞர் ஒரு நாளில் பழகிக்கொள்வர், முதியோர் பின்தங்கக்கூடும். அவர்களுக்கு எவரேனும் தொலைபேசியில் பொறுமையுடன் வழி சொல்லவேண்டும். ஊர்களின் பழம்பெயர்களை மிகுதியாக அறிந்தவர் அவர்களே அன்றோ?

கடல் கடந்தவருள் பலர் தாம் பிறந்த ஊரை மீண்டும் காணவே இல்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் அவ்வூரின் பெயரையேனும் அறியவேண்டும். ஒருமுறை கிடைத்த விடை மறுமுறை தொலையாதிருக்க, அன்றன்றே எழுதி வைப்போமாக.