கோடைக்கு ஒரு நூல் போர்வை

 

பெரம்பலூர் மாவட்டம் பருத்திக்குப் பேர்போன கரிசல் சீமை. கோடையில் பாடாலூர்ப் பக்கம் மொட்டை மாடியில் படுப்பவர்களுக்கு விடியற்காலையில் மெல்லிய போர்வை ஒன்று வேண்டும். அதற்குப் பழைய நூல் சேலையைப் போலத் தோதானது வேறில்லை. பலமுறை துவைத்த துணி இனிச் சுருங்காது, உடம்பிலும் உறுத்தாது.

சேலையை இரண்டாக மடித்து, உள்ளே பஞ்சுக்குப் பதில் பழைய வேட்டியை வையுங்கள். நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி, இரண்டு விரல் இடைவெளியில் ஓட்டுத் தையல் போடுங்கள், சுருக்கம் விழாது. வங்காளத்துக் காந்தாவும் கர்நாடகத்துக் கௌதியும் இப்படிப் பழந்துணியை அடுக்கித் தைத்தவைதான். எவ்வளவு அருமையான கைவேலை!

பாலியெஸ்டர் சேலை மட்டும் வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சாது.